ஓவிய நூலுக்குப் பின்னிருப்போர்

ஓவிய நூலைக் கையிலெடுப்போர் ஆசிரியர் பெயரை நோக்குவர். படங்களைக் கண்டு மகிழ்வர். அப்படங்களைத் தேடிச் சேர்த்த பதிப்பக உதவியாளரை நினைப்போர் அரியர்.

1923இல் வியன்னாவில் தோன்றிய ஃபைடன் பதிப்பகம், ஆஸ்திரியா நாஜிகள் வசமான 1938இல் லண்டனுக்குப் பெயர்ந்தது. 1950இல் கொம்பிரிச்சின் 'கலையின் கதை'யை வெளியிட்டது. படமாகக் காட்டவியலாத கலைப்படைப்பைப் பற்றி இயன்றவரை எழுதுவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. ஆசிரியருக்கு அஃது ஒரு வரி. அலுவலகத்தாருக்கோ ஓயாத கடிதப் போக்குவரத்து!

இத்தகைய நூலுக்கு நூதனசாலைகளிடம் நிழற்படமும் அனுமதியும் பெறவேண்டும். அளவு, ஆண்டு, இருப்பிடம் யாவும் ஒப்புநோக்கவேண்டும். இதனைக் குமாஸ்தா வேலையென்று பட்டதாரிகள் சிலர் இகழ்வதேனோ? படம் இடம் வலமாகப் புரண்டு அச்சேறினால், வாளேந்திய வலக்கை இடக்கையாகிவிடும். மூல ஓவியத்தைக் காணும் வாய்ப்பற்ற நம் மாணவன் அதனையே மெய்யெனக் கொள்வான்.