டில்லிக் குளிரில் ஒரு யூனிட் கூடினால் 800 ரூபாய் நஷ்டம்!

மார்கழி பிறந்துவிட்டால் டில்லியில் நம்மவர் வீடுகளில் இரண்டு சாமான்கள் பரணிலிருந்து இறங்கிவிடும். ஒன்று ரஜாய். மற்றொன்று ஹீட்டர். ரஜாய்க்குச் செலவில்லை. ஹீட்டருக்கு உண்டு. அது பில்லாக வந்து நிற்கும்போது, ஊருக்கு மணியார்டர் அனுப்ப எடுத்து வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியதாகிவிடுகிறது.

முனிர்காவில் இரண்டு அறைப் போர்ஷனில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவருக்கு இப்படித்தான் நேர்ந்தது. கேஸ் சிலிண்டர் கிடையாது. சமையல் இண்டக்ஷன் அடுப்பில், குளிக்க கீசர், குளிருக்கு ஹீட்டர். சகலமும் கரண்ட்தான். ஜனவரி பில்லில் 412 யூனிட் ஏறியிருந்தது. டிசம்பரில் கிடைத்த மானியம் ஒரு பைசா கூட இல்லை. மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்று புகார் எழுதிக்கொண்டு புறப்பட்டார். மீட்டர் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

டில்லியில் எந்தக் கம்பெனி மின்சாரம் தருவது என்பதை நாம் வசிக்கும் பேட்டை தீர்மானிக்கிறது. விலையை ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்தப் படியில் நிற்பது என்பது வீட்டார் கையில் இருக்கிறது.

2019 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கட்டணப்படி மாதத்தில் முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 3 ரூபாய். அடுத்த 200க்கு 4 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் 800 வரை 6 ரூபாய் 50 காசு. அதே மாதம் மாநில அரசு கொண்டுவந்த மானியத்தில், 200க்குள் நின்றால் பில்லே இல்லை. 201 முதல் 400 வரை பாதித் தொகையை, 800 ரூபாய்க்கு மேற்படாமல், அரசு ஏற்கும். 401 ஆனால் மானியம் அடியோடு போய்விடும். நானூறாவது யூனிட்டுக்கும் அடுத்த யூனிட்டுக்கும் நடுவே 800 ரூபாய்ப் பள்ளம் இருக்கிறது. 2022 அக்டோபர் முதல், வேண்டுமென்று விண்ணப்பித்தவர்களுக்கே மானியம் என்றும் விதி வந்தது. இதை மறந்து ஏமாந்தவர்கள் உண்டு.

குமாஸ்தாவின் 412 எங்கிருந்து வந்தது? 15 லிட்டர் கீசர் ஒரு தடவை முழுக்கச் சூடாக, டில்லித் தண்ணீரின் குளிர்ச்சியில், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். நாலு பேர் குளித்தால் மாதம் சுமார் 70. அடுப்புக்கு 60. பிரிட்ஜ், விளக்கு, டி.வி. எல்லாம் சேர்த்து 50. ஆக 180. இலவச எல்லைக்குள்தான்! மிச்சம் 232 யூனிட்டும் ஹீட்டர் தின்றது. இரண்டு கம்பி ஹீட்டர், 2000 வாட், இரவு நாலு மணி நேரம், 29 இரவுகள். ஒரு கம்பியை மட்டும் போட்டிருந்தால் 116 யூனிட்டோடு போயிருக்கும், மொத்தம் 296.

விலை கூடிய ஆயில் ஹீட்டர் வாங்கினால் கரண்ட் மிச்சம் என்று கடைக்காரர் சொல்வார். நம்ப வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரம் எந்தக் கம்பியில் ஓடினாலும் அதே அளவு சூடுதான். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுக்கும் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏ.சி. ஒன்றுதான் விதிவிலக்கு. அதன் விலையைக் கேட்டால் குளிர் தானே விட்டுவிடும். செலவுக்குப் பயந்து கரி அங்கீட்டியை மூடிய அறையில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. புகையில் உயிர் போன செய்திகள் குளிர்காலந்தோறும் வருகின்றன.

இன்னொரு பள்ளம் 'சாங்ஷன் லோடு'. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு மாதம் 20 ரூபாய் நிலைக்கட்டணம். அதற்கு மேல் 5 வரை 50. 5ஐத் தாண்டினால் 100. அதாவது 5 கிலோவாட்டுக்கு 250 ரூபாய், 6க்கு 600. கீசர், ஹீட்டர், இண்டக்ஷன் மூன்றையும் காலை ஆறரைக்கு ஒன்றாகப் போட்டால் 6 கிலோவாட் ஆகிவிடும். தொடர்ந்து நாலு மாத உச்ச அளவின் சராசரியை வைத்து லோடை உயர்த்த கம்பெனிக்கு அதிகாரம் உண்டு. ஒன்று அணைந்த பிறகு மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் போதும்.

பெரிய நஷ்டம் தனி மீட்டர் இல்லாதவர்களுக்குத்தான். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் கேட்டால் 300 யூனிட்டுக்கு 2,400. சொந்த மீட்டரில், 3 கிலோவாட் லோடுக்கு, மின்சார விலை 1,050, நிலைக்கட்டணம் 150. உபரிக் கட்டணங்களும் வரியும் சேர்ந்தாலும் மானியம் போக அதில் பாதி கூட வராது. வாடகைதாரர்களுக்கென்று 2019 செப்டம்பரில் பிரீபெய்டு மீட்டர் திட்டம் அறிவிக்கப்பட்டது. வாடகை ஒப்பந்தமோ ரசீதோ வேண்டும். டெபாசிட் 3,000 ரூபாய். வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் தேவையில்லை என்றே அறிவித்தார்கள். ஆனால் ரசீது எழுதித் தருகிற வீட்டுக்காரர் எத்தனை பேர்?

முனிர்கா குமாஸ்தாவின் வீட்டில் இப்போது ஞாயிறுதோறும் மீட்டர் எண்ணை முருகன் காலண்டரில் குறித்து வைக்கிறார்கள். ஹீட்டரின் இரண்டாவது கம்பிக்கான சுவிட்சில் அவர் மனைவி பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். பிப்ரவரி பில், 289 யூனிட்.