16 மணித்தியாலக் கணக்கு: பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர் வேலைக்குப் போகும்போது

சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்குக் கடிதம் வாசித்துச் சொல்வதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் சில வருடங்களாக என் வேலையாகிவிட்டது. அண்மையில் ஒரு தங்கச்சி வந்தார். 10 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் பிரிந்து போய்விட்டார். கிழக்கு லண்டனில் தனியார் வாடகை வீடு.

"அண்ணா, முதியோர் இல்லத்தில சமையலறை வேலை ஒண்டு கிடைச்சிருக்கு. கிழமைக்கு 16 மணித்தியாலம். போனா காசை வெட்டிப்போடுவாங்கள், போகாத எண்டு எல்லாரும் சொல்லினம்."

இந்த "எல்லாரும்" சொல்வதில் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பழைய இன்கம் சப்போர்ட்டில் இருந்தவர் கிழமைக்கு 16 மணித்தியாலம் வேலை செய்தால் அந்த உதவி நின்றுவிடும். அந்த இடத்தில் டக்ஸ் கிரெடிட் தொடங்கும். ஆகவே 16 என்ற எண் எங்கள் சனத்தின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் டக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரலோடு முற்றாக முடிந்துவிட்டது. இப்போது இருக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் உதவி நிற்கும் என்று ஒரு எல்லை இல்லை. அது மணித்தியாலத்தை எண்ணுவதில்லை, மாதத்துக்குக் கையில் வந்த சம்பளத்தையே எண்ணுகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் எடுத்தவன். இங்கு வந்து முதல் நான்கு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். கணக்குத் தெரிந்த எனக்கே அந்த நாட்களில் உதவிப்பணக் கடிதங்கள் விளங்கியதில்லை. ஆகவே அந்தத் தங்கச்சியின் கணக்கையே இங்கே முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். இவை 2025-26 நிதியாண்டின் விகிதங்கள். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

முதலில் வேலை இல்லாத நிலை. அவருக்கு அடிப்படைத் தொகை மாதம் 400 பவுண்ட். 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்த மூத்த பிள்ளைக்கு 339, இளையவருக்கு 293. வாடகைக்கு 1,200. எல்லாம் சேர்த்து 2,232. இதற்கு வெளியே சைல்ட் பெனிஃபிட் மாதக் கணக்கில் 188. மொத்தம் 2,420 வரவேண்டும். ஆனால் அவர் கையில் வந்தது 2,110 மட்டுமே. மீதி எங்கே போனது?

உதவிப்பணத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெனிஃபிட் கப் என்று கடிதத்தில் இருக்கும். லண்டனில் பிள்ளைகளோடு இருப்பவருக்கு அது மாதம் 2,110 பவுண்ட், லண்டனுக்கு வெளியே 1,835. அதற்கு மேல் எவ்வளவு உரித்து இருந்தாலும் வெட்டிவிடுவார்கள். அவருக்கு மாதா மாதம் 309 பவுண்ட் போய்க்கொண்டிருந்தது. வாடகையைக் கட்டிய பிறகு சாப்பாட்டுக் காசில்தான் அந்த வெட்டு விழும். இப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. "வேலைக்குப் போனால் வெட்டுவார்கள்" என்று பயந்தவருக்கு, வேலைக்குப் போகாததால்தான் வெட்டு நடந்துகொண்டிருந்தது.

வரி போக மாதம் 846 பவுண்ட் அல்லது அதற்கு மேல் உழைத்தால் இந்த உச்சவரம்பு பொருந்தாது. 846 எங்கிருந்து வந்தது? குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21. அதை 16ஆல் பெருக்கி, வருடத்துக்கு 52 கிழமையென்று எடுத்து, 12ஆல் பிரித்தால் 846 வரும். பழைய 16 வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

அடுத்தது சம்பளத்துக்காகக் குறைக்கும் தொகை. பிள்ளைகள் இருப்பவர் உழைப்பதில் ஒரு பகுதியைத் தொடவே மாட்டார்கள். இது வேர்க் அலவன்ஸ். வாடகை உதவியும் எடுப்பவருக்கு 411 பவுண்ட், வாடகை உதவி இல்லாதவருக்கு 684. அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். 2021 நவம்பர் வரை இது 63 பென்ஸ் ஆக இருந்தது.

தங்கச்சி மாதம் 847 உழைத்தால் 411ஐக் கழித்து மீதியில் 55 வீதம் 240. யுனிவர்சல் கிரெடிட் 2,232இலிருந்து 1,992 ஆகும். உச்சவரம்பு நீங்கிவிட்டதால் அது முழுதாக வரும். அதோடு சைல்ட் பெனிஃபிட் 188, சம்பளம் 847. மொத்தம் 3,027. முன்பு 2,110. உழைத்தது 847தான், வீட்டுக்குக் கூடுதலாக வந்தது 900ஐத் தாண்டியது. உச்சவரம்பில் சிக்காத ஒருவருக்கு இதே வேலை 607 பவுண்ட் கூடுதலாகத் தரும். லண்டனில் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வேலைக்குப் போனாலும் நட்டமில்லை.

இவ்வளவும் சரியாகத்தான் இருந்தது. பிறகு வேலைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். சம்பளம் நான்கு கிழமைக்கு ஒருமுறை என்று இருந்தது.

நான்கு கிழமையும் மாதமும் ஒன்றல்ல. 16 மணித்தியாலம், 12.21, நான்கு கிழமை என்றால் 781 பவுண்ட். 846 இல்லை. வருடத்தில் 13 சம்பளம் வரும், ஆனால் கணிப்பு மாதங்கள் 12. ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும், மற்ற 11 மாதமும் 781தான். அந்த 11 மாதமும் உச்சவரம்பு திரும்ப வந்து 106 பவுண்டை வெட்டும். வேலையும் அதே, மணித்தியாலமும் அதே. சம்பள நாள் மட்டும்தான் வேறு.

இதை எதிர்த்து ஒரு தாய் நீதிமன்றம் போனார். அவரும் பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர், நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வாங்கியவர். 2020இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2021 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே இந்த ஓட்டையை நீங்களாகத்தான் அடைக்கவேண்டும். வேலைக்குச் சம்மதிக்கும் முன் "எத்தனை மணித்தியாலம்" என்பதோடு "எப்போது சம்பளம் போடுவீர்கள்" என்றும் கேளுங்கள். நான்கு கிழமைச் சம்பளம் என்றால் 18 மணித்தியாலம் கேட்டுப்பாருங்கள். 879 வரும், உச்சவரம்பைத் தாண்டிவிடுவீர்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம்தான் கூட, ஆனால் அந்தத் தங்கச்சியின் கணக்கில் மாதம் 150 பவுண்ட் வித்தியாசம்.

மாதச் சம்பளக்காரருக்கு வேறொரு சிக்கல். சம்பள நாள் விடுமுறையில் விழுந்தால் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். ஒரே கணிப்பு மாதத்தில் இரண்டு சம்பளம் பதிவாகி, அந்த மாத உதவி சரிந்துவிடும். இந்த வழக்கில் நான்கு தாய்மார் 2020 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். அதன் பிறகு விதி மாறியது. இரண்டில் ஒன்றை மற்ற மாதத்துக்கு மாற்றும்படி உங்கள் ஒன்லைன் ஜேர்னலில் எழுதிக் கேட்கலாம். கேட்காவிட்டால் தவறிப்போகலாம்.

பிள்ளைப் பராமரிப்புச் செலவில் 85 வீதம் திரும்பக் கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031 பவுண்ட் வரை, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 1,768 வரை. கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை என்பது இங்கே பொருட்டில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஒஃப்ஸ்டெட்டில் பதிந்த இடமாக இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கையில் கொடுக்கும் காசு இதில் சேராது. முதலில் நீங்கள் கட்டி, பற்றுச்சீட்டைப் பிறகு ஜேர்னலில் ஏற்றவேண்டும். முதல் மாதம் கட்டக் கையில் காசில்லை என்றால் வேலை தொடங்கும் முன்பே வேர்க் கோச்சிடம் ஃபிளெக்ஸிபிள் சப்போர்ட் ஃபண்ட் என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொன்னால்தான் பல இடங்களில் விஷயம் நகர்கிறது.

கவுன்சில் வரிச் சலுகை தனிக் கணக்கு. ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு விதி. சம்பளம் தொடங்கியதும் அவர்களுக்கும் அறிவியுங்கள்.

இனி நாங்கள் மெல்லமாகவே பேசும் ஒரு விஷயம். எங்கள் கடைகளில் சிலர், "பே-சிலிப்பில 8 மணித்தியாலம் போடுறன், மிச்சம் கையில தாறன், உனக்கு நல்லது" என்பார்கள். யாருக்கு நல்லது? 8 மணித்தியாலம் பதிந்தால் மாதம் 423. உச்சவரம்பு அப்படியே இருக்கும். கையில் வாங்கும் காசு பெரும்பாலும் 12.21க்கும் குறைவு. சுகயீனச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. பதியாத வருமானம் பிடிபட்டால் திருப்பிக் கட்டவேண்டும், நாளைக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை என்ற கேள்வியும் நிற்கும். இந்த உதவியைச் செய்யும் முதலாளி தன் வரியைத்தான் சேமிக்கிறார். சொந்தச் சனம் என்பதால் இதைச் சொல்லாமல் விடமுடியவில்லை.

ஓய்வூதியம் பற்றியும் ஒரு சொல். வருடம் 10,000 பவுண்டுக்கு மேல் உழைத்தால் வேலைத்தல ஓய்வூதியத்தில் தாமாகச் சேர்ப்பார்கள். 6,240க்கு மேல் என்றால் நீங்கள் கேட்டால் சேர்க்கவேண்டும், முதலாளியும் தன் பங்கைப் போடவேண்டும். "சம்பளத்தில பிடிக்கிறாங்கள்" என்று விலகிவிடாதீர்கள். நீங்கள் கட்டும் தொகையை யுனிவர்சல் கிரெடிட் வருமானமாகவே பார்ப்பதில்லை. ஆகவே குறைப்பு விழும் எல்லையில் இருப்பவருக்கு ஒரு பவுண்ட் கட்டினால் உண்மையில் கையை விட்டுப் போவது 45 பென்ஸ்தான். ஆனால் கவனம், அந்தக் கழிவுக்குப் பிறகும் 846 நிற்கிறதா என்று பாருங்கள்.

"வேலை நிண்டுபோனா?" என்றும் அவர் கேட்டார். சம்பளம் குறைந்தால் அடுத்த கொடுப்பனவு தானாகக் கூடும். உதவி முழுதாக நின்றுபோனவரும் ஆறு மாதத்துக்குள் என்றால் புதிதாக ஐந்து கிழமை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த எல்லைக்கு மேல் உழைத்து 12 மாதம் கழித்தவர் வேலை இழந்தால், 9 மாதத்துக்கு உச்சவரம்பு அவரைத் தொடாது.

அவர் 18 மணித்தியாலம் கேட்டுப் போனார். முகாமையாளர் முதலில் இல்லை என்றாராம், பிறகு ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் சேர்த்துத் தந்திருக்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் ஏப்ரலில் கூடும்போது அந்த எல்லையும் கூடும். அப்போது பே-சிலிப்போடு மறுபடி வரச்சொல்லியிருக்கிறேன்.