எண்ணெயில் தோயும் எஃகு

கத்திக்குக் கூர்மை தருவது சாணைக்கல் என்று பலரும் எண்ணுவர். ஆனால் அக்கூர்மையை நிலைக்கச் செய்வது, செந்நிறமாகக் காய்ந்த எஃகு எண்ணெயில் அமிழும் சில வினாடிகளே. கொல்லர்கள் இதனைத் துவைச்சல் என வழங்குவர்.

பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயில் கிளைப்பாதை சென்றடையும் கோலார் தங்கவயலுக்கு இக்கலை புதியதன்று. கடும்பாறைச் சுரங்கங்களில் மழுங்கிய துளைக்கோல்களைக் காய்ச்சி, அடித்து, தோய்த்து மீண்டும் கூராக்குவது கொல்லர் பட்டறையின் அன்றாடப் பணியாக இருந்தது. தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. எனினும் தென்னாட்டின் சிறு பட்டறைகளில், பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகள் இன்றும் அரிவாளாகவும் வெட்டுக்கத்தியாகவும் உருமாறி வருகின்றன.

ஸ்பிரிங் பட்டையின் எஃகைச் சுமார் 830 முதல் 850 டிகிரி சென்டிகிரேட் வரை காய்ச்ச வேண்டும். உஷ்ணமானி இல்லாதோர்க்குக் காந்தம் உதவும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது. அதற்குமேல் நிறம் சற்றே வெளிறும்வரை காய்ச்சுதல் போதும்.

இவ்வாறு காய்ந்த கத்தியைத் தண்ணீரில் இட்டால் நேரிடுவது யாது? எஃகு கடினமாகும் மாறுதல் சுமார் 300 டிகிரிக்குக் கீழே தொடங்குகிறது. அப்போது அது சிறிது விரிவடையும். அந்நிலையிலும் தண்ணீர் கொதித்துக்கொண்டு வேகமாக வெப்பத்தைக் கவருவதால், புறப்பகுதி முன்னும் உட்பகுதி பின்னுமாக மாறி, அலகில் விரிசல் காண்கிறது. ஒரு நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகிறது. எண்ணெயோ தொடக்கத்தில் போதிய வேகத்துடனும், அக்கட்டத்தில் மெதுவாகவும் குளிர்விக்கிறது. கடலை எண்ணெயை 50 அல்லது 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொண்டால், அதன் பிசுபிசுப்புக் குறைந்து இன்னும் சீராகக் குளிர்விக்கும்.

தொட்டியைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். 20 சென்டிமீட்டர் விட்டமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரும்புக் குழாயின் அடியில், அதைவிட அகன்ற தகட்டை வெல்டிங் செய்தால் தொட்டி கவிழாது நிற்கும். 35 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 11 லிட்டர் கொள்ளும். எஞ்சிய இடம், எண்ணெய் பொங்கி வழியாமல் இருப்பதற்காகும். பிளாஸ்டிக் கலம் உருகிவிடும். துத்தநாகம் பூசிய வாளி, சுடும் எஃகு பட்டால் நச்சுப்புகை தரும்.

எண்ணெயின் அளவைக் குறைத்தல் தவறான சிக்கனம். அரைக் கிலோகிராம் எடையுள்ள கத்தி, 11 லிட்டர் எண்ணெயின் உஷ்ணத்தைச் சுமார் 13 டிகிரி மட்டுமே உயர்த்தும். அதே கத்தியை 2 லிட்டரில் இட்டால் உயர்வு சுமார் 70 டிகிரியாகும். அடுத்தடுத்துச் சில கத்திகளைத் தோய்த்தால், அச்சிறிய அளவு எண்ணெய் தீப்பற்றும் நிலையை நெருங்கிவிடும்.

கத்தியை நீண்ட குறட்டால் பற்றி, முனை கீழ்நோக்க, தயங்காமல் அலகு முழுவதையும் அமிழ்த்த வேண்டும். பாதியில் நிறுத்தினால், எண்ணெய்ப் பரப்பைத் தொடும் செந்நிறப் பகுதி ஆவியைக் கொளுத்திவிடும். உள்ளே மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் அலகு கோணும்.

எண்ணெயினும் கனமான தண்ணீர் தொட்டியின் அடியில் தங்கிவிடும். அது ஆவியானால் பன்மடங்கு விரிந்து, கொதிக்கும் எண்ணெயை வெளியே எறியும். ஆகவே தொட்டி முற்றிலும் உலர்ந்திருத்தல் அவசியம். அவ்வாறே, தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. கைப்பிடியுடன் கூடிய இரும்பு மூடியால் தொட்டியை மூடிக் காற்றைத் தடுப்பதே வழி. மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெயின் புகை உடலுக்குத் தீங்கானது. அதனைத் தவிர்ப்பது நன்று.

தோய்த்த அலகில் அரம் வழுக்கிச் சென்றால் கடினம் ஏறியது என அறியலாம். அந்நிலையில் அது கண்ணாடிபோல் உடையக்கூடும். உடனே சுமார் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் பதப்படுத்தினால், மெருகிட்ட பகுதியில் வைக்கோல் நிறம் தோன்றும். கடினத்துடன் உறுதியும் சேரும். மூடியுள்ள தொட்டி அலகைக் காப்பதோடு, அலகைச் செய்யும் கையையும் காக்கிறது.