வேலையைப் பறித்தது யார் என்று கேட்ட திட்டம்

அமெரிக்காவில் ஒரே ஊரில் இரண்டு ஆலைகள் மூடப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் மூடியது, மற்றொன்று புது இயந்திரங்கள் வந்ததால் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. இருதரப்புத் தொழிலாளிக்கும் வீட்டுக்கடன் ஒன்றுதான், பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்கு மட்டும் வழக்கமான வேலையின்மைப் படி தீர்ந்த பிறகும் உதவித்தொகை, இலவச மறுபயிற்சி, வேலை தேடிப் போகும் செலவு, வேறு ஊருக்குக் குடிபெயரும் செலவு எல்லாம் கிடைத்திருக்கும். ‘டிரேட் அட்ஜஸ்ட்மென்ட் அசிஸ்டன்ஸ்’, சுருக்கமாக டி.ஏ.ஏ., என்ற திட்டம் 60 ஆண்டுகள் இந்த வேறுபாட்டின் மேல்தான் நின்றது. அதன் பலவீனமும் அந்த வேறுபாட்டிலேயே இருந்தது.

1962-ல் அதிபர் கென்னடி இறக்குமதி வரிகளைக் குறைக்கும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டபோது, தொழிற்சங்கங்களின் ஆதரவுக்காக இந்தத் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். மலிவான சரக்கால் நாடு முழுவதும் லாபம் அடையும்போது, அதற்காக நஷ்டப்படும் சிலருக்கு ஈடு தரவேண்டும் என்பது நியாயமான வாதம். சட்டம் எழுதப்பட்ட விதம் வேறு. இறக்குமதி கூடியதற்கு வரிச்சலுகையே முக்கியக் காரணம் என்றும், வேலை போனதற்கு அந்த இறக்குமதியே முக்கியக் காரணம் என்றும் இரண்டையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. விளைவு, 1969 நவம்பர் வரை ஒரு மனுகூடத் தேறவில்லை. தொழிற்சங்கத்தினர் இதை ஈமச்சடங்குக் காப்பீடு என்று கிண்டல் செய்ததில் வியப்பில்லை. 1974-ல் விதி தளர்ந்தது. 1980-ல் ஜப்பானியக் கார்களின் போட்டியில் டெட்ராய்டின் கார் ஆலைகள் தடுமாறியபோது திட்டத்தின் செலவு சுமார் 160 கோடி டாலரைத் தொட்டது. பணம் கைக்கு வருவதற்குள் பலர் பழைய வேலைக்கே திரும்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டே ரீகன் அரசு கத்தரியை எடுத்தது.

நடைமுறையில் கதவு எப்படித் திறந்தது என்று பாருங்கள். வேலையிழந்த மூன்று பேர் சேர்ந்தோ, தொழிற்சங்கமோ, நிறுவனமோ மனுப்போட முடிந்தது. மத்தியத் தொழிலாளர் துறையின் விசாரணையாளர் ஒருவர் அந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கைக் கேட்டு வாங்குவார். அதன் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டுச் சரக்குக்கு மாறினார்களா என்று விசாரிப்பார். துறையின் சான்று கிடைத்தால் அது அந்த ஆலையில் ஆட்குறைப்புக்கு ஆளான அனைவருக்கும் பொருந்தும். பிறகும் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பயிற்சியில் சேராவிட்டால் உதவித்தொகை போய்விடும். இந்த விசாரணையின் விசித்திரம் மென்பொருள் துறையில் வெளிப்பட்டது. தங்கள் வேலை இந்தியாவுக்குப் போய்விட்டது என்று மனுப்போட்ட நிரலாளர்களுக்கு, மென்பொருள் ஒரு ‘பொருள்’ அல்ல என்று பதில் வந்தது. நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2006-ல்தான் துறை இறங்கிவந்தது. சேவைத் துறையினர் முழுமையாக உள்ளே வர 2009 ஆயிற்று.

கதவு இவ்வளவு குறுகலாக இருந்ததன் விலை, சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பின் தெரிந்தது. வட கரோலினாவின் கனாபோலிஸில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த பில்லோடெக்ஸ் நிறுவனம் 2003 ஜூலை 30-ல் மூடப்பட்டபோது, அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 4,800 பேர் வேலையிழந்தார்கள். பலர் பள்ளியை முடிக்காமலே ஆலைக்குள் போனவர்கள். அவர்களுக்கு மறுபயிற்சி என்பது முதலில் பள்ளியிறுதிக்கு இணையான தேர்வு எழுதுவதுதான். அவர்களுக்காவது திட்டம் எட்டியது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, சீன இறக்குமதியால் அடிபட்ட வட்டாரங்களுக்கு அரசுப் பணம் எந்த வழியில் போனது என்று கணக்கிட்டது. ஊனமுற்றோர் உதவித்தொகையும் மருத்துவ உதவியும் கணிசமாக ஏறியிருந்தன, டி.ஏ.ஏ. வழியே போனது அற்பம். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் வேலைச்சந்தையை விட்டே வெளியேறும் உதவிக்குத் தள்ளப்பட்டார்கள்.

பயிற்சி கொடுத்துத்தான் என்ன பயன் என்பது பலமான ஆட்சேபம். தொழிலாளர் துறைக்காகச் செய்யப்பட்டு 2012-ல் வந்த மதிப்பீடு, பயனாளிகள் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. ஆனால் யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஹைமன், தாராளமான விசாரணையாளரிடம் போய்ச் சேர்ந்த மனுக்களையும் கறாரானவரிடம் போனவற்றையும் ஒப்பிட்டார். மனு யாரிடம் போகும் என்பது ஏறக்குறைய அதிர்ஷ்டம் என்பதால் இது நம்பகமான ஒப்பீடு. உதவி பெற்றவர்கள் 10 ஆண்டுகளில் மொத்தமாக ஏறத்தாழ 50,000 டாலர் கூடுதலாக ஈட்டியிருந்தார்கள். அந்த ஆதாயம் காலப்போக்கில் தேய்ந்ததையும் அவரே காட்டுகிறார். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லாமல் சொல்கிறது: ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வருமானம், கோப்பு எந்த அதிகாரியின் மேசைக்குப் போனது என்பதைப் பொறுத்திருந்தது.

உதவி கொடுத்தால் வேலை தேடமாட்டார்கள் என்பாருக்கும் பதில் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. 50 வயதைக் கடந்தவர் குறைந்த சம்பளத்தில் புது வேலையில் சேர்ந்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை, இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை, அரசு கொடுத்தது. வேலையில் சேர்ந்தால்தான் பணம்.

இறக்குமதியால் பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் ஏன் தனிச்சலுகை என்ற கேள்விக்கு, வர்த்தகம் அரசே எடுத்த முடிவு, எனவே பொறுப்பும் அரசுக்கே என்பார்கள். பொறுப்பு உண்மைதான். ஆனால் இயந்திரத்தால் வேலையிழந்தவரைக் கைவிட அது காரணமாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாக்கல் சரிகட்டல் நிதியும் இறக்குமதிக் கணக்கோடுதான் தொடங்கியது. 2021 முதல் காரணம் எதுவானாலும் 200 பேர் வேலையிழந்தாலே போதும் என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்காவோ எதிர்த்திசையில் போனது. வர்த்தக ஒப்பந்தங்களுக்கான அதிபரின் அதிகாரம் 2021-ல் காலாவதியானதும், அதற்கு ஈடாக இந்தத் திட்டத்தைப் பேரம்பேசும் காரணமும் போயிற்று; 2022 ஜூலை 1 முதல் புது மனுக்களுக்குச் சான்று தரும் அதிகாரமும் காலாவதியானது. காங்கிரஸ் என்றாவது இதை மீட்டெடுப்பதானால், வேலையைப் பறித்தது யார் என்ற கேள்வியை முதலில் படிவத்திலிருந்து நீக்கட்டும்.