பனிக்கு அடியில் கடல் எங்கே?

கனடாவின் லாப்ரடார் கரையில் வடகோடியில் இருக்கும் ஊர் நெயின். வெளியூருக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிட்டால் அந்தப் பனிதான் சாலை. வேட்டைக்கும் விறகுக்கும் இனுயிட் மக்கள் அதன்மேல்தான் போய்வருகிறார்கள். 2009-10 குளிர்காலத்தில் குளிர் ஏமாற்றிவிட்டது. பனி சரியாக உறையவில்லை. பிறகு ஊரில் விசாரித்தபோது, சுமார் 12 பேருக்கு ஒருவர் அந்தப் பருவத்தில் பனி உடைந்து நீரில் விழுந்திருந்தது தெரிந்தது.

முன்னோர் சொன்ன அடையாளங்களும், ஈட்டியால் குத்திப் பார்க்கும் வழக்கமும் பொய்யாகிவிடவில்லை. பருவம்தான் மாறிவிட்டது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் ட்ரெவர் பெல்லும் ஊர் மக்களும் சேர்ந்து தொடங்கிய 'ஸ்மார்ட்ஐஸ்' என்னும் பனி அளக்கும் முயற்சி அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. ஸ்னோமொபைலின் பின்னால் 'கமுட்டிக்' என்னும் மரச் சறுக்கு வண்டி. அதில் மின்காந்தக் கருவி. துளையே போடாமல், போகிற போக்கில் பனியின் தடிமனைச் சொல்லிவிடும்.

எப்படி? பனியும் அதன் மேல் கிடக்கும் வெண்பனியும் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதில்லை. உப்புக் கடல்நீர் நன்றாகக் கடத்தும். கருவியின் ஒரு கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தைக் கீழே அனுப்புகிறது. அது கடல்நீரில் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த ஓட்டம் தன் பங்குக்கு இன்னொரு காந்தப்புலத்தை எழுப்புகிறது. மறு சுருள் அதைப் பிடிக்கிறது. நீர் அருகில் இருந்தால் பதில் பலமாக வரும், தள்ளி இருந்தால் மெலியும். ஆய்வாளர்கள் நெடுங்காலம் கையாண்ட ஈ.எம்.31 கருவியில் இரு சுருள்களுக்கும் இடைவெளி 3.66 மீட்டர். நிலத்தடியின் மின்கடத்துதிறனை அளக்கச் செய்த கருவி அது, கடலுக்கும் உதவியது.

ஒன்றை மறக்கக்கூடாது. கருவி அளப்பது நீர்வரை உள்ள தூரத்தை. அதில் வெண்பனியும் சேர்ந்திருக்கிறது. அதன் ஆழத்தைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். வெண்பனி கம்பளிபோல் குளிரைத் தடுப்பதால், அது குவிந்த இடத்தில்தான் அடியிலுள்ள பனி மெலிந்து கிடக்கக்கூடும். கழிக்காமல் விட்டால், பலமில்லாத இடம் பலமானதாகத் தெரியும். பனிப்பாளங்கள் மோதி எழுந்த மேடுகளிலும் கருவியை நம்ப முடியாது. பல மீட்டர் பரப்பின் சராசரியைத்தான் அது சொல்லும்.

இதில் எனக்குப் பெரிதாகப்படுவது கருவி அல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதே. அதை இழுத்துச் செல்பவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இனுயிட்கள். எந்த வழியை அளப்பது என்பதையும் அந்தந்த ஊர்க் குழுவே முடிவு செய்கிறது.