எழ மறுக்கும் மெய்நிகர் கணினியை மீட்பது

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கணினி. அதற்கென்று தனியாக ஹார்டு டிஸ்க் கிடையாது. அதன் விண்டோஸ், கணக்கு மென்பொருள், வாடிக்கையாளர் விவரங்கள் அனைத்தும் சேர்ந்து, அதைத் தாங்கும் நிஜக் கணினியின் வட்டில் ஒரு பெரிய கோப்பாகக் கிடக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் அதன் பெயர் வி.டி.ஐ. என்று முடியும்; வி.எம்.வேரில் வி.எம்.டி.கே., மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் வி.எச்.டி.எக்ஸ்., லினக்ஸில் பெரும்பாலும் கியூகவ்2. எந்தப் பெயரானாலும் ஆபத்து ஒன்றுதான்: பல ஜி.பி. கொண்ட அந்தக் கோப்பில், முக்கியமான இடத்தில் சில பைட்டுகள் கெட்டால் போதும், முழுக் கணினியும் எழாது.

இது டேட்டா சென்டர்காரர்களின் தலைவலி மட்டுமல்ல. காஞ்சிபுரத்தில் சேலையின் பார்டரையும் முந்தானையையும் ஒரு காலத்தில் கட்டம்போட்ட தாளில் வரைந்தார்கள். இப்போது அந்த வேலை கணினிக்கு வந்துவிட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிசைன் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்றால், புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை ஓடவிடுவது தெரிந்த வழி. ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கும் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயா போன்ற இடங்களில் படிக்கும் கணினி மாணவர்களுக்கும், சொந்த மடிக்கணினியில் கை வைக்காமல் லினக்ஸ் பழக இதைவிடச் சுலபமான வழி இல்லை. மின்சாரம் போய், யு.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டால், நினைவகத்திலிருந்து வட்டுக்கு இன்னும் இறங்காத எழுத்து பாதியில் நிற்கும். மறுநாள் காலையில் பிழைச் செய்திதான் வரும்.

அந்தச் செய்தியை அவசரப்படாமல் படித்தாலே கோளாறு எந்த அடுக்கில் என்று பெரும்பாலும் புரியும். அடியில் இருப்பது நிஜ வட்டு. அதன்மேல் மெய்நிகர் வட்டுக் கோப்பு. அந்தக் கோப்புக்குள் இயங்குதளமும் அதன் கோப்பு முறைமையும். ஸ்டார்ட் கொடுத்ததுமே "வட்டைத் திறக்க முடியவில்லை" என்றால் கோளாறு முதல் இரண்டு அடுக்குகளில் இருக்கும். கணினி எழத் தொடங்கி, நீலத் திரையிலோ லினக்ஸின் "கிரப் ரெஸ்க்யூ" வரியிலோ நின்றால் உள் அடுக்கைப் பார்க்க வேண்டும். சில நேரம் எதுவுமே கெட்டிருக்காது. நிஜ வட்டில் இடம் தீர்ந்துபோனாலும் மெய்நிகர் கணினி நின்றுவிடும். அமைப்புகளில் வட்டின் இணைப்பை ஐ.டி.இ.யிலிருந்து சாட்டாவுக்கு யாராவது மாற்றியிருந்தால், பழைய விண்டோஸ் நீலத் திரை காட்டும். பழையபடி வைத்தால் எழுந்துவிடும். வைத்தியம் தொடங்குமுன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

மீட்பில் முதல் வேலை நகல் எடுப்பது. பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். எழுகிறதா என்று திரும்பத் திரும்ப ஸ்டார்ட் கொடுப்பவர்கள், தெரியாமலே சேதத்தைப் பெரிதாக்குகிறார்கள். ஒவ்வொரு முறை எழ முயலும்போதும் உள்ளிருக்கும் இயங்குதளம் பதிவேடுகளை எழுதும். தானாகவே சோதனை ஓட்டி, தனக்குத் தப்பாகத் தெரிவதைத் "திருத்தும்". மீட்டிருக்கக்கூடிய கோப்பு அந்தத் திருத்தத்தில் போய்விடலாம்.

நிஜ வட்டிலேயே பழுது என்றால், சாதாரண காப்பி-பேஸ்ட் உதவாது. கெட்ட இடம் ஒன்றில் முட்டியதும் அது வேலையை விட்டுவிடும். இதற்கென்றே லினக்ஸில் இருக்கும் இலவசக் கருவி டிடிரெஸ்க்யூ. நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து சின்னச் சின்னத் துண்டுகளாக முயலும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நகலும் வரைபடக் கோப்பும் வேறொரு நல்ல வட்டில்தான் இருக்க வேண்டும். மோசமான வட்டு என்றால் இது நாள்கணக்கில் ஓடும். வட்டிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை உள்ள மீட்பு நிறுவனத்திடம் கொடுப்பதுதான் வழி. எஸ்.எஸ்.டி.யில் வேறு சங்கடம். தவறுதலாக அழித்த கோப்பின் இடத்தை 'டிரிம்' என்ற வசதி அங்கே சுத்தமாகக் காலி செய்துவிடுவதால், பழையது கிடைப்பது அரிது.

சர்வர்களில் பல வட்டுகளைச் சேர்த்து ரெய்டு அமைத்திருப்பார்கள். ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். அதே வயதுள்ள இன்னொன்று, மறுகட்டமைப்பின் சுமையிலேயே விழுந்துவிடுவதும் உண்டு. அப்போது திரையில் வரும் "புதிதாக உருவாக்கு" என்ற கேள்விக்குச் சம்மதம் சொன்னவர்கள் பலர் மீட்க முடியாமல் போயிருக்கிறார்கள். வட்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்று எழுதி ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நகலெடுத்து, நகல்களைக் கொண்டு ரெய்டைக் கூட்டிப் பார்ப்பதே முறை.

இரண்டாம் அடுக்கின் கோளாறுகள் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், பல எளிதில் தீரும். வி.எம்.வேர் சர்வரில் வட்டுக்கு இரண்டு கோப்புகள் உண்டு: தரவு முழுவதும் உள்ள பெரிய கோப்பு, அதை விவரிக்கும் குட்டி உரைக் கோப்பு. குட்டி தொலைந்தால் பெரியது பத்திரமாக இருந்தும் கணினி எழாது. அதைக் கையாலேயே எழுதிவிடலாம். 40 ஜி.பி. வட்டு என்றால் தரவுக் கோப்பின் அளவு 42,94,96,72,960 பைட். அதை 512ஆல் வகுத்தால் 8,38,86,080 செக்டர். அந்த எண்ணும் தரவுக் கோப்பின் பெயரும் உரிய வரியில் சரியாக இருந்தால் வட்டு திறக்கும். முன்பு திடீரென நின்றபோது விட்டுப்போன பூட்டுக் கோப்பு தடுத்தால், அந்த மெய்நிகர் கணினி வேறெங்கும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு நீக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் தன் அமைப்புக் கோப்பின் முந்தைய பிரதியை 'பிரீவ்' என்ற முடிவோடு பக்கத்திலேயே வைத்திருக்கும். கியூகவ்2 கோப்பைச் சோதித்துத் திருத்தக் கியூஇஎம்யு மென்பொருளிலேயே கட்டளை உண்டு. அதையும் நகலின்மேல்தான் ஓட்ட வேண்டும்.

ஸ்னாப்ஷாட் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து மூலக் கோப்பு அப்படியே நிற்கும். புதிய மாற்றங்கள் மட்டும் அடுத்த கோப்பில் சேரும். ஜக்கார்டு தறியில் கோத்த அட்டைகளைப் போல அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குகின்றன. ஆனால் ஓர் அட்டை கிழிந்தால் தறியில் அந்த ஓர் இழைதான் பிசகும். இங்கே நடுவில் ஒரு கோப்பு போனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே பயனற்றுப்போகும். இடம் போதவில்லை என்று பழைய ஸ்னாப்ஷாட் கோப்பைக் கையால் அழிப்பது இதனால்தான் கூடாது.

உள் அடுக்கு கெட்டிருந்தால், நகலெடுத்த வட்டை நன்றாக ஓடும் இன்னொரு மெய்நிகர் கணினியில் இரண்டாவது வட்டாக, படிக்க மட்டும் என்ற முறையில் மாட்டுவார்கள். நிஜக் கணினியில் திருப்புளி எடுத்துச் செய்ய வேண்டியது இங்கே நாலு கிளிக்கில் முடியும். டிசைன்களையும் கணக்குகளையும் முதலில் வெளியே எடுத்துவிட்டு, அதன்பிறகு விண்டோஸில் செக்டிஸ்க்கையோ லினக்ஸில் எஃப்.எஸ்.செக்கையோ ஓட்டலாம். பகிர்வு அட்டவணையே அழிந்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி அதைத் தேடிக் கண்டுபிடிக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமை தன் தலைப்புத் தொகுதியின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்திருக்கிறது. முதலாவது கெட்டால் வழக்கமாக 32768ஆம் தொகுதியில் உள்ள பிரதியைக் காட்டி எழுப்பலாம்.

வட்டை வேறு மெய்நிகர் கணினியில் மாட்டும் முறை உலகளவில் பயன்பட்ட நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அன்று கிளவுடில் எழ மறுத்த கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழிகளில் ஒன்று, வட்டைக் கழற்றி வேறு மெய்நிகர் கணினியில் மாட்டி, பிழையான அந்தப் புதுப்பிப்புக் கோப்பை அழித்துவிட்டுத் திரும்ப மாட்டுவது. அங்கே வட்டு கெடவில்லை என்பதால், விடாமல் மறுதொடக்கம் செய்வதும் இன்னொரு வழியானது. சிலருக்கு 15 முறை வரை தேவைப்பட்டதாம்!

இத்தனை வித்தைக்கும் பிறகு வராதது பேக்கப்பிலிருந்துதான் வர வேண்டும். அதே வட்டில் கிடக்கும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைப்பதே சிறு அலுவலகத்துக்குப் போதும். நகல் எழுகிறதா என்று வேறு கணினியில் அவ்வப்போது ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களைத் தாக்குதல்காரர்கள் முடக்கினர், சுமார் 1.3 டி.பி. தரவு பூட்டப்பட்டது. பாதிப்புக்கு உள்ளாகாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் நோயாளிகளின் தரவு திரும்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இலங்கையின் அரசு கிளவுடும் இதேபோல் தாக்கப்பட்டது. அங்கே பேக்கப்பும் ஆன்லைனிலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. சேவை சில மணி நேரத்தில் மீண்டாலும், சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் கிடைக்கவில்லை. இணைப்பிலிருந்து விலக்கி வைக்கும் பேக்கப்பை நாள்தோறும் எடுப்பது என்ற முடிவு அதன் பிறகே வந்தது.