நேர் கீழே இறங்கும் தூண்டில்... 30 மீட்டர் ஆழத்து ட்ரவுட் சிக்குவது எப்படி? ‘வெர்டிகல் ஜிக்கிங்’ முழு விளக்கம்!

கோடைக்காலத்தில் ஏரியில் கை வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால், அதே ஏரியில் 30 மீட்டர் கீழே போனால், ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர் மாதிரி ஜில்லுனு இருக்கும். அந்தக் குளிரில்தான் பதுங்கி இருக்கிறது ‘லேக் ட்ரவுட்’. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளில், படகில் இருந்தபடி இந்த மீனைப் பிடிக்கும் முறைகளில் ஒன்றுதான் வெர்டிகல் ஜிக்கிங். இதை எப்படிச் செய்கிறார்கள்? பிடித்த மீனைத் திரும்ப விட்டால் அது பிழைக்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

லேக் ட்ரவுட் என்றால் என்ன?

ட்ரவுட் என்றதும் நமக்கு ஊட்டிதான் ஞாபகம் வரும். நீலகிரி ஓடைகளில் இருப்பது ரெயின்போ ட்ரவுட். இது வேற மீன். கனடா, அலாஸ்கா, அமெரிக்காவின் வட மாநிலங்களில் உள்ள ஆழமான ஏரிகள்தான் இதன் சொந்த ஊர். மிக மெதுவாக வளரும், 40 வயதைத் தாண்டியும் வாழும். கனடாவின் கிரேட் பேர் ஏரியில் 1995-ல் தூண்டிலில் சிக்கிய ஒரு மீனின் எடை 32.65 கிலோ!

ஏன் ஆழத்துக்குப் போகிறது?

இந்த மீனுக்குப் பிடித்த வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸ். கோடையில் ஏரித் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான அடுக்கு. நடுவில் வெப்பம் சட்டென்று குறையும் அடுக்கு, இதற்குப் பெயர் ‘தெர்மோக்லைன்’. அடியில் குளிர்ந்த, கனமான தண்ணீர். மேலே சூடு ஏற ஏற, மீன் கீழே இறங்கிவிடும்.

வெர்டிகல் ஜிக்கிங் எப்படிச் செய்கிறார்கள்?

‘ஜிக்’ என்பது ஈயம் போன்ற கனமான தலை வைத்த கொக்கி. அதில் சின்ன மீன் மாதிரி ரப்பர் இரை மாட்டியிருக்கும். தூண்டிலைத் தூரமாக வீசாமல், படகுக்கு நேர் கீழே இறக்குவதுதான் வெர்டிகல் ஜிக்கிங்.

1. முதலில் சோனார் கருவியில் மீனைத் தேடுவார்கள். தரையும், அதற்கு மேலே நிற்கும் மீனும் திரையில் கோடுகளாகத் தெரியும்.

2. படகு நகராமல் நிற்க வேண்டும். காற்று தள்ளினால் தூண்டில் சாய்ந்துவிடும், ஜிக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. காற்று பலமாக இருந்தால் இன்னும் கனமான ஜிக்கை மாட்டுவார்கள்.

3. சாதாரண தங்கூஸ் நரம்பு இழுத்தால் நீளும். 30 மீட்டர் ஆழத்தில் மீன் கடிப்பதே கைக்குத் தெரியாமல் போகும். அதனால், நீளாத பின்னல் நூலைப் பயன்படுத்துவார்கள்.

4. ஜிக் தரையைத் தொட்டதும் ஒரு தூக்கு, பிறகு மெதுவாக விழ விடுவது. பல நேரம் அது விழும்போதுதான் மீன் கடிக்கும்.

5. மீன் பின்தொடர்வது திரையில் தெரிந்தால் நிறுத்தக் கூடாது. ரீலை வேகமாகச் சுற்ற வேண்டும். தப்பித்து ஓடும் இரை என நினைத்து மீன் துரத்தி வந்து கவ்வும்.

மேலே வந்த மீன் பிழைக்குமா?

இங்கேதான் விஷயமே இருக்கு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேற்பரப்பைப் போல 4 மடங்கு. மீன் மேலே வரும்போது அதன் காற்றுப்பையில் உள்ள வாயு 4 மடங்கு விரியப் பார்க்கும். பல மீன்களுக்கு இதை உடனே வெளியேற்ற வழி கிடையாது. வயிறு உப்பி மிதக்கும். ஆனால், லேக் ட்ரவுட்டின் காற்றுப்பையில் இருந்து உணவுக்குழாய்க்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. அதன் வழியாக வாயுவை ஏப்பம் விடுவது போல வெளியே விட்டுவிடும். மீனை மேலே இழுக்கும்போது தண்ணீரில் குமிழ்கள் வருவது இதனால்தான். எனவே, ஆழத்தில் இருந்து அவசரமாகச் சுற்றாமல், நிதானமாகக் கொண்டுவருவது நல்லது.

அப்படியென்றால் ஆபத்தே இல்லையா? இருக்கு. அது மேலே உள்ள சூடான தண்ணீர். 10 டிகிரியில் வாழ்ந்த மீன், களைத்துப்போன நிலையில் 20 டிகிரிக்கு மேல் உள்ள தண்ணீரில் கிடந்தால் தாங்காது. அதனால், எதிர்முள் இல்லாத கொக்கி, கையில் தயாராகக் குறடு, செவுளில் விரல் படாமல் பிடிப்பது, சீக்கிரமாகத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடுவது என எல்லாமே நொடிக்கணக்கில் நடக்க வேண்டும். மேல் தண்ணீர் ரொம்ப சூடாக இருக்கும் நாட்களில், ‘பிடிச்சு விட்டுடலாம்’ என்ற கணக்கே தப்பாகிவிடும்.

ஒரு மீனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

காரணம், கிரேட் லேக்ஸ் ஏரிகள் கற்றுக்கொண்ட பாடம். கப்பல் கால்வாய் வழியாக உள்ளே வந்த ‘கடல் லாம்ப்ரே’ என்ற, ரத்தம் உறிஞ்சும் விலாங்கு போன்ற உயிரினமும், அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்து, 1950-களுக்குள் லேக் ட்ரவுட்டைக் கிட்டத்தட்ட துடைத்துப்போட்டன. 1955-ல் அமெரிக்காவும் கனடாவும் கிரேட் லேக்ஸ் மீன்வள ஆணையத்தை அமைத்தன. லாம்ப்ரே கட்டுப்படுத்தப்பட்டது. லட்சக்கணக்கில் மீன் குஞ்சுகள் விடப்பட்டன. சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் இந்த மீன் முழுமையாக மீண்டுவிட்டதாக அறிவிக்க 2024 வரை ஆனது. முட்டையிடவே பல வருடம் எடுக்கும் மீன் என்பதால், போனால் திரும்பி வர அவ்வளவு காலம் பிடிக்கிறது.

எல்லா ஏரியிலும் திரும்ப விடலாமா?

கூடாது! அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் நிலைமை அப்படியே தலைகீழ். வெளியில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட லேக் ட்ரவுட் அங்கே 1994-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஏரிக்கே சொந்தமான ‘கட்த்ரோட்’ ட்ரவுட்டை அது தின்று குறைத்துவிட்டது. ஓடைக்கு முட்டையிட வரும் கட்த்ரோட்டை நம்பியிருந்த கரடிகளுக்கும் இரை குறைந்தது. எனவே அங்கே பிடித்த லேக் ட்ரவுட்டை உயிரோடு விடக் கூடாது என்பதே விதி.

ஒரே மீன்தான். ஓர் ஏரியில் காப்பாற்ற வேண்டிய சொத்து, இன்னொரு ஏரியில் அகற்ற வேண்டிய பிரச்னை. அதனால், ஜிக்கைத் தண்ணீரில் இறக்கும் முன்பே அந்த ஏரியின் விதி, மேல் தண்ணீரின் வெப்பம் இரண்டையும் தெரிந்துகொள்வது அவசியம். மீன் மேலே வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.